அவயவச் சாறும் ஆயுளும்

இருதயத்துக்கு ஒன்று, கல்லீரலுக்கு ஒன்று, விழித்திரைக்கு ஒன்று, மூளைக்கு ஒன்று என்று சரீரத்தின் ஒவ்வோர் அவயவத்துக்கும் உரிய பெப்டைடு தனித்தனியே உண்டென்றும், மூப்பும் நோயும் வரும்போது அது குறைந்துபோகின்றதென்றும், ஊசியாகவோ மாத்திரையாகவோ அதை மீண்டும் ஊட்டினால் தளர்ந்த அவயவம் தன் தொழிலைச் செவ்வனே செய்யத் தொடங்குமென்றும் கூறும் ஒரு சித்தாந்தம் ருஷ்ய நாட்டிலே தோன்றி, ஏறக்குறைய அரை நூற்றாண்டாக அங்குள்ள வைத்தியர்களின் வழக்கில் இருந்து, இப்பொழுது மற்ற நாடுகளின் கடைகளிலும் புட்டிகளாக வந்து நிற்கின்றது. பெப்டைடு உயிர்ச்சீராக்கிகள் என்பது இப்பொருள்களின் பொதுப் பெயர். இவற்றைப் பற்றி முதன்முதலாகக் கேள்விப்படுகிறவர், பெரும்பாலும் விற்பவர் வாய்மொழியாகவோ அன்றி அடியோடு மறுப்பவர் வாய்மொழியாகவோதான் கேட்கின்றார். இரு தரப்பிலும் பாதி விஷயமே அவர் காதுக்கு எட்டுகின்றது. இந்தச் சித்தாந்தத்துக்குள் மெய்யான ஒரு விஞ்ஞானக் கேள்வி இருக்கின்றது என்றும், அந்தக் கேள்விக்கு விடை கிடைப்பதற்கு முன்பே விடையை விலை கூறி விற்கும் காரியம் நடந்து வருகின்றது என்றும் நான் கருதுகிறேன். கேள்வியை மதிக்கவும் விற்பனையில் எச்சரிக்கை கொள்ளவும் விஷயத்தை அடியிலிருந்து அறிய வேண்டும்.

புரதங்களை ஆக்கும் அமினோ அமிலங்கள் இருபது. அவற்றுள் சில ஒன்றோடொன்று பிணைந்து அமைந்த குறுஞ்சங்கிலியே பெப்டைடு. சங்கிலி ஐம்பது கண்ணிகளுக்கு மேல் நீளுமாயின் அதனைப் புரதம் என்பது பொது வழக்கு. ஜெர்மானிய ரசாயன அறிஞர் எமில் ஃபிஷர் 1901-ஆம் ஆண்டில் இரண்டு கிளைசின் மூலக்கூறுகளை இணைத்து முதல் இரட்டைப் பெப்டைடை உண்டாக்கினார். இந்தப் பிணைப்பு எந்தெந்தக் கோணங்களில் மடியக்கூடும், எவற்றில் மடிய இயலாது என்பதை 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி. என். ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களான ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் கணித்து வெளியிட்ட வரைபடம், இன்றும் உலகெங்கும் புரத அமைப்பைச் சோதிக்கும் உரைகல்லாக விளங்குகின்றது என்பதை இவ்விடத்தில் பெருமையோடு நினைவுகூர்வது தவறாகாது.

இத்தனை சிறிய பொருள் சரீரத்தில் பெருங்காரியம் ஆற்றக்கூடுமா என்ற சந்தேகம் எழுவது இயல்பே. அதற்கு நிச்சயமான விடை உண்டு. பிரசவ காலத்தில் கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்சிடோசின் ஒன்பது அமினோ அமிலங்களே கொண்டது. தைராய்டுச் சுரப்பியைத் தூண்டும் ஆக்ஞையை மூளையின் அடிப்பகுதியிலிருந்து எடுத்துச் செல்லும் பொருளோ மூன்றே அமினோ அமிலங்களால் ஆனது. இதன் அமைப்பை அறிவதற்காகவே ரோஜர் கியெமானும் ஆண்ட்ரூ ஷாலியும் போட்டி போட்டுக்கொண்டு, முன்னவர் ஆடுகளின் மூளைப்பகுதிகளையும் பின்னவர் பன்றிகளின் மூளைப்பகுதிகளையும் லட்சக்கணக்கில் சேகரித்து, பல ஆண்டுகள் வடித்துப் பிரித்து, 1969-இல் வெற்றி கண்டு, 1977-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். ஆகவே, பெப்டைடு சிறியது என்பதை மட்டுமே காரணமாகக் காட்டி ருஷ்யச் சித்தாந்தத்தைத் தள்ளிவிட எவருக்கும் உரிமையில்லை. ஆனால் கியெமானும் ஷாலியும் சாற்றோடு நின்றுவிடவில்லை. சாற்றுக்குள்ளிருந்து ஒரே பொருளைத் தனித்தெடுத்து, அதன் அமைப்பை நிர்ணயித்து, அதையே ரசாயன முறையில் புதிதாகச் செய்து, செய்த பொருளும் அதே காரியத்தைச் செய்வதைக் காட்டினார்கள். பின்வந்தோர் அது பற்றிக்கொள்ளும் ஏற்பியையும் கண்டறிந்தனர். பிரமாணம் என்பதற்கு இத்துறையில் இதுவே அளவுகோல்.

அவயவத்தின் சாறு அவயவத்துக்கு உதவும் என்ற நம்பிக்கை மிகப் பழமையானது. 1889-ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்தில், உடலியல் ஆராய்ச்சியில் உலகப் பிரசித்தி பெற்றவரும் அப்பொழுது 72 வயது நிரம்பியவருமான பிரௌன்-செகார், நாய்களின் விதைகளிலிருந்தும் கினிப் பன்றிகளின் விதைகளிலிருந்தும் எடுத்த சாற்றைத் தமக்கே ஊசி வழியாகச் செலுத்திக்கொண்டு, தம் தேகபலமும் மனோபலமும் திரும்பிவிட்டனவென்று அறிஞர் சபையில் அறிவித்தார். செய்தி காட்டுத்தீயாய்ப் பரவியது. சாறு விற்போர் பெருகினர். அவர் கையாண்டதோ நீரில் வடித்த சாறு; ஆண்மைச் சுரப்புநீரோ நீரில் எளிதிற் கரையாதது; ஆதலால் அவர் உணர்ந்த யௌவனம் பெரும்பாலும் நம்பிக்கையின் பலனென்றே பிற்காலத்தார் முடிவு செய்தனர். ஐந்து ஆண்டுகளில் அவர் காலமானார்.

இருப்பினும் இரண்டே ஆண்டுகள் கழித்து, 1891-இல், இங்கிலாந்திலே ஜார்ஜ் மர்ரி என்னும் இளம் வைத்தியர், தைராய்டு செயலற்று உடல் வீங்கி மதி மழுங்கிய ஒரு பெண்மணிக்கு ஆட்டுத் தைராய்டின் சாற்றைக் கொடுத்தபோது, அந்த அம்மையார் நோய் தெளிந்து, சிகிச்சையைத் தொடர்ந்து பெற்று, மேலும் 28 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். 1922 ஜனவரியில் டொரன்டோ நகரத்தில் கணையச் சாறு பெற்ற பதினான்கு வயதுச் சிறுவன், நீரிழிவின் மரணவாயிலிலிருந்து மீண்டான். இவ்விரு வெற்றிகளிலும் குறைபட்ட பொருள் இன்னதென்பது தெளிவு. கொடுத்தால் நோய் தணிவதும் நிறுத்தினால் திரும்புவதும் எவர் செய்தாலும் எந்த நாட்டில் செய்தாலும் ஒன்றுபோலவே நிகழ்ந்தன. பிரௌன்-செகாரின் சாற்றுக்கு இந்த லட்சணங்களில் ஒன்றும் இல்லை. ருஷ்யப் பெப்டைடுகளின் இடம் மர்ரியின் பக்கத்திலா, பிரௌன்-செகாரின் பக்கத்திலா என்பதே இனி நாம் விசாரிக்க வேண்டியது.

1970-களில், இன்று பீட்டர்ஸ்பர்க் எனப்படும் லெனின்கிராடு நகரத்து கீரவ் ராணுவ மருத்துவக் கழகத்தில் விளாதிமிர் ஹவின்சன், வியாசெஸ்லாவ் மோரசோவ் என்னும் இரு வைத்தியர்கள், கன்றுகளின் அவயவங்களை அசெட்டிக் அமிலத்தில் ஊறவைத்து, குறுகிய பெப்டைடுகள் நிறைந்த சாற்றைப் பிரித்தெடுக்கும் முறையை வகுத்தனர். மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியும், மூளையின் நடுவே மறைந்துள்ள பினியல் சுரப்பியும் அவர்கள் கவனத்தை முதலில் ஈர்த்தன. தைமஸ் இல்லாவிடின் நோய் எதிர்ப்பு அணுக்கள் பக்குவமடையா என்று ஜாக் மில்லர் 1961-இல் நிரூபித்திருந்தார்; அச்சுரப்பியோ பருவம் எய்திய பின் ஆண்டுக்காண்டு சுருங்கிக் கொழுப்பாக மாறிவிடுகின்றது. முதுமையில் மனிதன் சாதாரண ஜுரத்துக்கும் இரையாவது ஏன் என்பதற்கும் சுருங்கிய தைமஸுக்கும் சம்பந்தம் இருக்கத்தான் வேண்டும் என்ற அவர்களுடைய அனுமானம் நியாயமானதே. தைமஸின் சாறு தைமலின் என்ற பெயரில் 1982-இல் சோவியத் அரசின் அனுமதி பெற்றது. பினியலின் சாறு எபிதலமின் என்ற பெயரில் 1990-இல் அனுமதி பெற்றது. மூளைப் புறணியிலிருந்து கார்டெக்சினும் விழித்திரையிலிருந்து ரெட்டினலமினும் பின்னர் வந்தன. சோவியத் ஒன்றியம் மறைந்தபின், 1992-இல், பீட்டர்ஸ்பர்க் உயிர்ச்சீராக்க முதுமையியல் நிலையத்தை நிறுவிய ஹவின்சன், 2024 ஜனவரியில் தாம் காலமாகும் வரையில் இக்கொள்கைக்காகவே வாழ்ந்தார். ஒரு கருத்தைப் பற்றிக்கொண்டு நாற்பது ஐம்பது ஆண்டுகள் உழைப்பவரை அலட்சியமாகப் பேசுவது ஆராய்ச்சியாளருக்கு அழகன்று. அவர் வைத்த சான்றுகளைச் சோதிப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.

சான்றுகளில் விலங்குப் பரிசோதனைகள் முதலில் நிற்கின்றன. அதே நகரத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த விளாதிமிர் அனிசிமோவ் எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் பினியல் பெப்டைடுகளைக் கொடுத்துப் பல ஆண்டுகள் கணக்கெடுத்தார். 2003-இல் வெளிவந்த அவருடைய ஓர் ஆய்வு நேர்மையின் காரணமாகவே குறிப்பிடத்தக்கது: எபிடலான் என்னும் செயற்கைப் பெப்டைடைப் பெற்ற சுண்டெலிகளின் சராசரி ஆயுள் கூடவில்லை, கூட்டத்தில் மிக நீண்ட நாள் வாழ்ந்தவற்றின் ஆயுள் மட்டுமே பன்னிரண்டு சதவீதம் அளவில் நீண்டது, ரத்தப் புற்றும் குறைந்தது. இஃது ஆர்வமூட்டும் பலன்; ஆனால் விற்பனைப் பிரசுரங்களில் காணும் அற்புதம் அன்று.

மனிதர்களிடையே நடந்தவற்றுள் பிரசித்தமானது, ஹவின்சனும் மோரசோவும் அதே 2003-இல் வெளியிட்டது. அறுபது வயதுக்கு மேற்பட்ட 266 பேரை ஆறு முதல் எட்டு ஆண்டுகள் கவனித்ததில், தைமலின் பெற்றவர்களிடையே இறப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததென்றும், தைமலின், எபிதலமின் ஆகிய இரு சாறுகளையும் பெற்றவர்களிடையே அதனினும் குறைந்ததென்றும் அவர்கள் எழுதினர். இதனைப் படிக்கும் எவருக்கும் உள்ளம் ஒருகணம் துள்ளும். முதியோரின் மரணத்தைப் பாதியாகக் குறைக்கும் மருந்து இன்று வைத்திய சாஸ்திரத்தில் வேறு ஒன்றும் இல்லை. அத்தனை பெரிய பலன் உண்மையாயின், அது டோக்கியோவிலும் லண்டனிலும் வேலூரிலும் எவர் சோதித்தாலும் மறைக்க முடியாதபடி வெளிப்பட வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும், சம்பந்தமற்ற நாடுகளின் பெரிய மருத்துவ நிலையங்கள் எவையும், யாருக்கு மருந்து யாருக்கு வெறும் நீர் என்பது நோயாளிக்கும் வைத்தியருக்கும் தெரியாத முறையில் பெருந்திரளிடம் சோதித்து அதனை உறுதிப்படுத்தவில்லை. 266 என்னும் தொகை பிரிவுகளாகப் பிரிக்கப்படும்போது ஒவ்வொன்றிலும் நிற்பவர் சிலரே. மருந்தைக் கண்டவர்களே அதனை அளந்தவர்களாகவும் இருந்தனர். இவற்றால் முடிவு பொய்யென்று ஆகிவிடாது. முடிவு இன்னும் முடிவாகவில்லை என்பதே பொருள்.

சாறுகளோடு நின்றிருந்தால் விஷயம் இத்துடன் முடிந்திருக்கும். அடுத்த படியாக, சாற்றில் உள்ள அமினோ அமிலங்களின் விகிதத்தை ஆராய்ந்து, அதன் அடிப்படையில் இரண்டு, மூன்று, நான்கு கண்ணிகள் கொண்ட பெப்டைடுகளை அவர்கள் செயற்கையாக வகுத்தனர். இங்கேதான் நான் அதிகமாகத் தயங்குகிறேன். அலனின், குளுட்டாமிக் அமிலம், அஸ்பார்ட்டிக் அமிலம் என்ற மூன்றும் வரிசையாக நிற்க, நான்காவதாகக் கிளைசின் வந்தால் அது பினியலுக்குரிய எபிடலான். புரோலின் வந்தால் மூளைக்குரிய கார்டாஜென். லூசின் வந்தால் மூச்சுக்குழலுக்குரிய பிராங்கோஜென். ஆர்ஜினின் வந்தால் இருதயத்துக்குரிய கார்டியோஜென். கடைசிக் கண்ணி ஒன்று மாறுவதால் மூளையை விட்டு இருதயத்தை நாடும் இந்தத் திறம் எங்கிருந்து வருகின்றது? உயிரணுவின் உட்கருவுக்குள் நுழைந்து, மரபுச் சங்கிலியில் தமக்குரிய நான்கைந்து எழுத்துக்கள் சேர்ந்த இடத்தைப் பற்றிக்கொண்டு, உறங்கும் மரபணுக்களை அவை எழுப்புகின்றன என்பது ஹவின்சன் அளித்த விளக்கம். ஆனால் மனித மரபுச் சங்கிலியின் நீளம் முந்நூறு கோடி எழுத்துக்கள். எழுத்து வகைகளோ நான்கே. குறிப்பிட்ட நான்கெழுத்துத் தொடர் ஒன்று தற்செயலாகவே 256 எழுத்துக்களுக்கு ஒருமுறை வரும்; அதாவது ஒரு கோடிக்கு மேற்பட்ட இடங்களில் வரும். ஐந்தெழுத்துத் தொடர் என்றாலும் ஏறக்குறைய முப்பது லட்சம் இடங்களில் வரும். அத்தனை இடங்களிலும் ஒட்டக்கூடிய ஒன்று, கல்லீரலில் மட்டும் கல்லீரலுக்கு வேண்டிய மரபணுவை எழுப்பும் என்பதற்குக் கணினியில் வரைந்த மாதிரிகளைக் காட்டிலும் வலுவான நிரூபணம் தேவை. மரபணுக்களை ஆளும் இயற்கைப் புரதங்கள் நூற்றுக்கணக்கான கண்ணிகள் உடையனவாய் அமைந்திருப்பதும், பல கூடி ஓரிடத்தில் இயங்குவதும் காரணமின்றி ஏற்பட்டவையல்ல.

மாத்திரையாக விழுங்குவதைப் பற்றிய ஆட்சேபம் இன்னும் எளிது. நீரிழிவுடையோர் இன்சுலினை ஏன் ஊசியாகவே போட்டுக்கொள்கின்றனர் என்பது யாவரும் அறிந்ததே: இரைப்பையும் சிறுகுடலும் பெப்டைடுகளை அறுத்து அமினோ அமிலங்களாக்குவதையே தொழிலாகக் கொண்டவை. இரண்டு மூன்று கண்ணிகள் உடைய சிறு பெப்டைடுகளை அப்படியே உள்ளிழுக்கும் ஒரு வாயில் சிறுகுடலின் சுவரில் உண்டென்பது உண்மை; மாத்திரைக் கட்சியார் இதனை எடுத்துக்காட்டுவதும் உண்டு. ஆனால் நான்கு கண்ணிகள் உடைய எபிடலான் அவ்வாயிலுக்கு ஏற்றதன்று. நுழைந்தவற்றுள்ளும் பெரும்பாலானவை குடலணுக்களுக்குள்ளேயே சிதைந்துவிடுகின்றன. தப்பி ரத்தத்தில் சேர்பவற்றை அங்குள்ள நொதிகள் சீக்கிரத்தில் அறுத்துவிடுகின்றன. மேலும் அந்த வாயில் ஆள் பார்த்துத் திறப்பதன்று. பருப்போ மீனோ முட்டையோ உண்ட ஒவ்வொரு வேளையும், சீரணத்தில் விளையும் எண்ணற்ற இரட்டைப் பெப்டைடுகளும் மூன்று கண்ணிப் பெப்டைடுகளும் அதன் வழியே செல்கின்றன. லைசினும் குளுட்டாமிக் அமிலமும் சேர்ந்த ஜோடி, விலோன் என்ற பெயரில் விற்கப்படுவது, நாம் உண்ணும் புரதங்கள் பலவற்றிலும் உள்ளதே. மாத்திரையில் உள்ள சில மில்லிகிராம் செய்யும் அற்புதத்தை உணவு ஏன் செய்யவில்லை என்ற கேள்விக்குத் திருப்தியான சமாதானம் எனக்குக் கிட்டவில்லை.

இக்குடும்பத்தின் உறவினர் சிலரின் கதையும் பார்க்கத்தக்கது. தைமஸிலிருந்தே அமெரிக்காவில் ஆலன் கோல்ட்ஸ்டைனின் குழுவினர் பிரித்தெடுத்த தைமோசின் ஆல்ஃபா-1 இருபத்தெட்டுக் கண்ணிகள் உடையது, அமைப்பு நிர்ணயிக்கப்பட்டது, ஹெப்படைடிஸ் பி நோய்க்குப் பல நாடுகளில் வழக்கிலுள்ளது. ரத்தத்தில் கிருமி பரவி உயிருக்கு ஆபத்தான நிலையில் இருந்த ஆயிரத்துக்கு மேற்பட்டோரிடம் சீனத்தில் அதனை முறைப்படி சோதித்தபோது, இறப்பு குறைந்ததாகத் தெளிவான அடையாளம் காணப்படவில்லை. பன்றியின் மூளையிலிருந்து ஆஸ்திரியாவில் தயாராகும் செரிப்ரோலைசின் பக்கவாதத்துக்காக நம் நாட்டிலும் கொடுக்கப்படுவது. சிறு ஆய்வுகள் சில நன்மை கண்டன. அனைத்தையும் ஒன்றுகூட்டி மதிப்பிட்ட காக்ரேன் குழுவினரோ மரணத்தைத் தடுப்பதில் பலன் காணாததோடு, கடுமையான தீய விளைவுகள் சற்றுக் கூடக்கூடும் என்றும் எச்சரித்தனர். நல்ல அனுமானமும் பெரிய பரிசோதனையின் முன் இவ்வாறு தலைசாய்ப்பது வைத்திய சரித்திரத்தில் புதிதன்று.

பலன் இல்லாவிடினும் தீங்கில்லையே என்போர் உண்டு. அவர்களுக்கு ஒரு துயர வரலாற்றை எடுத்துரைக்க வேண்டும். வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு, இறந்த மனிதர்களின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வடித்த வளர்ச்சிச் சுரப்புநீரைப் பல நாடுகளில் நல்லெண்ணத்தோடு கொடுத்து வந்தனர். அதனுள் மறைந்திருந்த பிரையான் என்னும் நச்சுப்புரதம் பல ஆண்டுகள் கழித்து மூளையை அரிக்கத் தொடங்கியது. 1985-இல் அமெரிக்காவும் பிரிட்டனும் அச்சிகிச்சையை நிறுத்தின. அதற்குள் விதைக்கப்பட்ட நோயால் உலகெங்கும் மாண்டோர் இருநூறுக்கு மேற்பட்டோர். மாட்டு மூளையிலிருந்து மனிதருக்கு இவ்வகை நோய் தாவக்கூடும் என்பது 1996-இல் பிரிட்டனில் வெளிப்பட்டது. எனவே மாட்டின் மூளைச் சாறு எந்தப் பண்ணையிலிருந்து, எந்தச் சோதனைக்குப் பின் வருகின்றது என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. செயற்கைப் பெப்டைடுகளுக்கு இந்த அபாயம் இல்லை. அவற்றின் அபாயம் வேறு. ‘ஆராய்ச்சி உபயோகத்துக்கு மட்டும்’ என்று எழுதி விற்கப்படும் புட்டியில் என்ன இருக்கின்றது, எவ்வளவு தூய்மையானது, கிருமி நீக்கப்பட்டதா என்பதற்கு உத்தரவாதம் அளிப்பவர் யாரும் இல்லை. பாதுகாப்பைக் குறித்துக் கவலைக்கிடமான பொருள்களென 2023-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் வகுத்த பட்டியலில் எபிடலானும் இடம்பெற்றது. உயிரணுக்களின் ஆயுளை நீட்டும் டெலோமெரேஸ் நொதியை எபிடலான் எழுப்புகின்றது என்பது அதன் பெருமையாகப் பேசப்படுகின்றது. ஆனால் புற்றுநோய்களில் பெரும்பாலானவை தம் சாகாத்தன்மைக்கு அந்த நொதியையே நம்பியிருக்கின்றன. சுண்டெலிகளில் புற்று பெருகவில்லை என்பது ஆறுதலே. மனிதருக்கு அந்த ஆறுதல் இன்னும் கிட்டவில்லை.

எல்லாவற்றிலும் என்னை வருத்துவது, சீராக்கியை நாடி நிரூபணமான சிகிச்சையை ஒருவர் கைவிடக்கூடும் என்பதே. உதாரணமாக, சிறுநீரகங்கள் பழுதாவதற்கு நீரிழிவும் ரத்த அழுத்தமும் முதன்மையான காரணங்கள். 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், 4,304 சிறுநீரக நோயாளிகளுக்கு டாபாகிளிஃப்ளோசின் என்னும் மருந்தோ வெற்று மாத்திரையோ, எது யாருக்கு என்பது எவருக்கும் தெரியாமல் கொடுத்துப் பார்த்ததில், நோய் முற்றுவதும் மரணமும் மெய்யாகவே குறைந்தன. அம்மருந்தும் அழுத்தத்தைத் தணிக்கும் பழைய மாத்திரைகளும் இன்று சாதாரணமாகக் கிடைக்கின்றன. கல்லீரலுக்குத் தடுப்பூசி இருக்கின்றது, மதுவை விலக்குதல் இருக்கின்றது. இவற்றை மேற்கொண்டு வருபவர், ஆவலினால் ஏதேனும் பெப்டைடையும் எடுத்துக்கொள்வாராயின், அதனைத் தம் வைத்தியரிடம் மறையாமல் சொல்லிவிடுவாராக. வைத்தியரும் சினந்து விரட்டாமல் கேட்டறிந்து, ரத்தப் பரிசோதனையில் மாறுதல் கண்டால் அந்தப் பொருளையும் நினைவில் வைப்பாராக.

ஹவின்சன் எழுப்பிய கேள்விக்கோ உரிய மரியாதை இன்னும் செலுத்தப்படவில்லை. அதனை எல்லா அவயவங்களுக்கும் ஒரே சமயத்தில் சோதிக்க வேண்டியதில்லை. தைமஸ் ஒன்றே போதும். எழுபது வயதுக்கு மேற்பட்ட சில நூறு பேரைத் திருவுளச் சீட்டு முறையில் இரண்டாகப் பகுத்து, ஒரு பகுதியாருக்குத் தைமலினும் மற்றவர்க்கு உப்புநீரும் சில நாள்கள் ஊசியாக அளித்து, பின்னர் இரு பகுதியார்க்கும் ஒரே இன்ஃப்ளுயன்ஸா தடுப்பூசியைப் போட்டு, ஒரு மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்பொருள் எவ்வளவு எழும்பியது என்று அளந்தால், தளர்ந்த எதிர்ப்புச் சக்தியை அந்தச் சாறு தட்டியெழுப்புகின்றதா என்பது ஒரு பருவத்துக்குள் தெரிந்துவிடும். இதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. பழைய மருந்தாகையால் இதில் லாபம் காண்பதற்கும் பெரிதாக ஒன்றுமில்லை, ஆகவே கம்பெனிகள் முன்வரமாட்டா. பொதுமக்களின் பணத்தில் நடைபெறும் ஆராய்ச்சி நிலையங்களே, பீட்டர்ஸ்பர்க்கோடு சம்பந்தமற்ற ஒரு தேசத்தில், இதனைச் செய்ய வேண்டும்; முடிவு எதுவாயினும் அதை மறையாது பிரசுரிக்கவும் வேண்டும்.